ஒரு இன்ச் குறைச்சல்

சித்திரை வெயிலில் ராசிபுரத்தில் காற்றாடியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரே மனுஷி அந்த டெய்லர் அக்காதான். கேட்டால் துணி பறக்கிறது என்பார். பறந்தால் கத்திரிக்கோலைத் தூக்கி மேலே வைக்க வேண்டியதுதானே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். காதில் வாங்க மாட்டார். கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் மாலையாகத் தொங்கும் அளவு டேப். ஜாக்கெட் கொடுக்க வந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பார்கள், அவருக்கு மட்டும் குளிரும். ஏன் குளிர்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பதினோரு வருஷமாக என்ன கிழித்தாய் என்று யாராவது கேட்கலாம்.

ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம், இன்னொன்றில் அவருடைய தையல் கடை. நடுவில் நாலடி நடை. கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் நான் அங்கே போய் உட்காருவேன். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி எனக்குக் குரலே பெரிதாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள்.

கல்யாண ஜாக்கெட்டுக்கு அவர்தான் என்று பெயர். சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டை, ஆட்டையாம்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஆரி எம்பிராய்டரி நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் ஊரில் பரவியிருந்த பேச்சு வேறு. அந்த அக்காவிடம் துணி கொடுத்தால் கல்யாணத்துக்குள் இளைத்துவிடலாம் என்பதுதான் அது. டெய்லர் கடைக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்த கூத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். மற்ற டெய்லர்கள் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் கொஞ்சம் துணியை மடித்து உள்ளே இரண்டு மூன்று தையல் போட்டு வைப்பார்கள். உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். தலைப்பிள்ளை பிறந்ததும் ஒரு தையல், அடுத்த பிள்ளைக்கு இன்னொன்று என்று நம் ஊர்ப் பெண்கள் பிரித்துப் பிரித்துத்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். இந்த அக்கா உள்தையலே விட மாட்டார். வேலைப்பாடு ஓரம்வரை வந்தால்தான் அழகு என்பார். அது போகட்டும். டேப்பைப் பிடித்து முப்பத்தாறு என்று வாயால் சொல்லுவார், நோட்டில் முப்பத்தைந்து என்று எழுதுவார். இடுப்புக்கும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஒரு இன்ச் குறைச்சல். ஒளித்தும் செய்யமாட்டார், பெண்ணின் கண் முன்னாலேயே எழுதுவார்.

"நாப்பத்தஞ்சு நாள் இருக்குதில்ல கண்ணு, வந்துரும்" என்பார். பெண் வெட்கத்தோடு சிரிக்கும். கூட வந்த அம்மாவும் சிரிப்பாள். அந்த நாற்பத்தைந்து நாளும் அந்தப் பெண் என்ன தின்றது, என்ன தின்னவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கடைசி வாரம் போட்டுப் பார்க்க வரும்போது ஜாக்கெட் உடம்புக்குச் சேர்ந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று அம்மாவும் மகளும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் அவள் சித்தி மகள் வந்து நிற்பாள்.

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கு ஒன்று உண்டு. "ஒடம்புக்குத் துணி தைக்கறதுக்கு எவளும் தைப்பா. துணிக்கு ஒடம்பக் கொண்டாரணும், அதுதான் தொழிலு." எத்தனை தடவை கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் நான் யோக்கியம் இல்லை. என் கல்யாண ஜாக்கெட்டும் அவர் தைத்ததுதான். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரத்தத்தில் எது குறைந்தால் என்ன ஆகும் என்று படித்துவிட்டு வந்தவள், இரண்டு இட்லி காலையில், ஒரு தம்ளர் மோர் மத்தியானம் என்று ஆறு வாரம் இருந்தேன். முகூர்த்தத்தன்று ஓமப்புகையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டேன், வெட்கத்தில் சாய்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கழுத்தெலும்பு எடுப்பாகத் தெரியும் அந்தப் படத்தைத்தான் இன்றைக்கும் போனில் முகப்பாக வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம். அவர் மூன்றடுக்குக் கேரியர் கொண்டுவருவார். கைப்பக்குவம் என்றால் அப்படி ஒரு கைப்பக்குவம். அரிசியும் பருப்பும் சாதம், அதன்மேல் நெய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வதக்கல். எல்லாவற்றையும் என் தட்டில் வைப்பார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார், உப்பு சரியா, காரம் சரியா என்று கேட்பார். அவர் கையில் ஒரு அப்பளம் இருக்கும். அதை உடைத்துக்கொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. "நீ சாப்புடு சாமி, எனக்குக் காலைலயே வயிறு நெறைஞ்சுருச்சு." பிறகு சர்க்கரை போடாத டீ. ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. முதல் இரண்டு வருஷம் இதை நான் பாசம் என்றே நினைத்தேன். பாசமும்தான். ஆனால் பசியை அடுத்தவர் வாய் வழியாகத் தீர்த்துக்கொள்கிறார் என்று புரிய எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பின்னால் ஏதாவது பெரிய சோகம் இருக்கும் என்று நாம் தேடுவோம். நானும் தேடினேன். பெண் பார்க்க வந்தவன் ஏதாவது சொல்லிவிட்டானா, மாமியார் குத்திக்காட்டினாளா என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் முட்டை லாரி ஓட்டுகிறவர், வாரத்துக்கு இரண்டு நடை கேரளா போய் வருவார், பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லாதவர். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு டைபாய்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒரு மாசம் கஞ்சித் தண்ணிதான். எந்திரிச்சு வெளிய வந்தா, பாக்கறவங்கெல்லாம் 'பொண்ணு எத்தன அம்சமா ஆயிருச்சு'ங்கறாங்க. அதுக்கு முன்னால என்னய யாரும் அப்படிச் சொன்னதில்ல சாமி." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பத்தொன்பது வயது வந்து போனது. நோயில் விழுந்து எழுந்த பெண்ணைப் பார்த்து, ஏம்மா இப்படி வற்றிப் போய்விட்டாய், ஒரு வாய் சாப்பிடு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அத்தனை சொந்தக்காரர்கள் இருந்து என்ன பிரயோஜனம்?

சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். என் மகள் பிறந்தபோது பதினோரு சட்டை தைத்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் தாராளமாக இடம் விட்டிருந்தார். வளர்கிற உடம்பு, பிடிக்கக் கூடாது என்றார். பாவாடையின் கீழே நாலு விரல் மடித்து வைத்திருந்தார். எந்த வயதில் ஒரு பெண் இடத்தை அடைத்துக்கொள்வது தப்பாகிறது என்று அவரிடம் கேட்க வேண்டும் போல் இருந்தது. பச்சைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்ன கேட்பது, கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா தறி வைத்திருக்கிறார். கல்லூரி முடித்த கையோடு கல்யாணம். போனில் ஒரு படத்தைக் காட்டி, இடுப்பு இந்த மாதிரி வேண்டும் என்றாள். யாரோ ஒரு மணப்பெண், கோயில் மண்டபத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நானும் எட்டிப் பார்த்தேன். இடுப்புக்கு நேராகத் தூண் உள்ளே வளைந்திருந்தது. படத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்துச் சுருக்கியவன் தூணையும் சேர்த்துச் சுருக்கிவிட்டான். கல்தூண் எங்கேயாவது வளையுமா என்று காட்டினேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"தூண யாரு பாக்கறா கண்ணு" என்றார்.

அந்தப் பெண் ஏற்கெனவே எலும்பும் தோலும்தான். எடுத்த அளவே சிறிசு. அதிலும் ஒரு இன்ச் குறைத்து எழுதினார். நான் ஏதோ முனகினேன், வாடிக்கையாளர் முன்னால் வாயை மூடு என்பதைப் போலப் பார்த்தார். மூடிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் போட்டுப் பார்க்க வந்தவள், படியேறி வந்து நடையிலேயே விழுந்தாள். என் அறைக்குள் தூக்கிப் படுக்கவைத்தோம். கை சில்லென்று இருந்தது. ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் ஏழு. இரண்டு மாதமாக வீட்டுக்குத் தூரமே ஆகவில்லை என்று கூட வந்த அம்மாவிடம் அவள் அப்போதுதான் சொன்னாள். அந்த அம்மா வேறு எதையோ நினைத்து வெலவெலத்துப் போனாள். இல்லை, சாப்பிடாமல் கிடந்தால் அதுவும் நின்றுபோகும் என்று நான் விளக்கிச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு நேராக எதிர் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் மூத்தவர் ஒருவரிடம் அப்படிக் கத்தியதில்லை. நீங்கள் ஒரு இன்ச் குறைத்து எழுதுவது துணியில் இல்லை, ரத்தத்தில், எலும்பில், நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையில் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அப்பாடா, ஏறிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நான் படியேறி வந்ததும் கூப்பிட்டார்.

"நீ சொன்னத ராத்திரியெல்லாம் நெனச்சனுங் கண்ணு. இனிமே அரை இன்ச்சுதான் கொறைப்பேன்" என்றார்.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் அளவில் அது பெரிய விட்டுக்கொடுத்தல். என்னவோ எனக்குச் சொத்தை எழுதிவைத்தவர் போல் நின்றார்.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அவரையும் உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றியபோது பார்த்தேன், கை முழுக்கப் பூனைமுடி. குளிர் தாங்காமல் உடம்பே போர்த்திக்கொண்டது. ஊசிக்கு நரம்பு தேடவே வேண்டியதில்லை, எல்லாம் வெளியே தெரிந்தன. பின்னலில் பாதி சவுரி என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். முப்பத்தெட்டு வயதிலேயே தூரம் நின்றுபோனதாம். டாக்டரிடம் போனீர்களா என்றால், தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன் என்கிறார். ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். அதை மடித்து அளவு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

அடுத்த வருஷம் ஸ்டூலிலிருந்து இறங்கும்போது கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. விழக்கூட இல்லை, ஊன்றினார், அவ்வளவுதான். நான்தான் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். படத்தைப் பார்த்துவிட்டு இது எழுபது வயது எலும்பு என்றார் டாக்டர். அக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்பது. எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். நல்ல உயரம் அவர், முள் முப்பத்தாறில் நின்றது.

"முப்பத்தாறுங்களா? போன வருசம் முப்பத்தெட்டு இருந்தனே" என்றார்.

கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாக, அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். பரீட்சையில் பாஸானவள் முகம். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவரிடம் வந்த ஆத்திரமா, அந்த முள்ளிடமா, முப்பது வருஷமாக அவரைப் பார்த்து 'உங்களுக்கு வயசே ஆகலைங்க' என்று சொல்லிவிட்டுப் போன அத்தனை பேரிடமுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து நான் முட்டையைக் கையில் எடுத்தேன். நாமக்கல் மாவட்டத்தில், முட்டை லாரிக்காரர் வீட்டில், முட்டைக்கு என்ன பஞ்சம்? லாரிக்குப் போகாத நாளெல்லாம் இரண்டு அவித்து வீட்டுக்காரர் கொடுத்துவிடுவார், பதினொரு மணிக்கு நான் போய் உரித்துக் கொடுப்பேன். என் முன்னால் ஒரு வாய் கடிப்பார். உனக்கு ஆள் வந்துவிட்டது, போ கண்ணு, நான் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பார். இரண்டு வாரம் போயிற்று, எடை ஏறியிருக்கும் என்று நம்பினேன். ஒருநாள் கடையில் நாற்றம் தாங்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று தேடினோம். வெட்டுத்துணி போடும் சாக்கைக் கொட்டினால், பட்டுத் துண்டுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. துணியில் பத்திரமாகச் சுற்றிய முட்டைகள், எல்லாவற்றிலும் ஒரே ஒரு கடி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அன்றைக்குக் கத்தவில்லை. உங்களுக்கு இது நோய்தான், மனசுக்கு வந்த நோய், சேலத்தில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார், போகலாம் வாங்க என்று சொன்னேன். எனக்கென்ன பைத்தியமா என்றார். வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னேன். அந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொன்னாக் கேக்கறதில்லைங்க. ஆனா நோய்நொடின்னு ஒருநாளு படுத்ததில்லைங்க, ஒல்லியா இருந்தாலும் தெம்புங்க" என்றார். குண்டாக இருந்தால்தான் வியாதி வரும், ஒல்லி என்றால் ஆரோக்கியம் என்று நம் ஊரில் எவன் எழுதிவைத்தானோ தெரியாது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். சாப்பாடு போதாமல் வரும் கேட்டுக்கு ஒருத்தரும் நின்று நான் பார்த்ததில்லை.

போன ஆவணியில் குளியலறையில் வழுக்கினார். இடுப்பெலும்பு. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் ரத்தம் இல்லை, இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது, தேற்றிவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டார்கள். தேற உடம்பில் சேமிப்பு ஏதாவது இருக்க வேண்டுமே. படுத்த படுக்கையில் முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. வேலை முடிந்ததும் பஸ் ஏறி தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நான் போன நாளில் என் கையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"வெயிட்டு ஏறிருச்சா?" என்றார்.

மனசுக்குள் எத்தனையோ ஓடியது. ஏறிவிட்டது, தேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லலாம். அது அவருக்கு ஆறுதல் இல்லை, அடி.

"இல்லைங்கக்கா, ஏறலைங்க" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதி. பதினேழாம் நாள் காலையில் போய்விட்டார்.

வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தது, அரக்குச் சிவப்பு. பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றினோம். எத்தனை மடித்தாலும் கொசுவம் நிற்கவில்லை, பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் ஊக்குப் போட்டு நிறுத்தினோம். தோளைத் தூக்கிப் பிடித்திருந்த எனக்குக் கை கனக்கவே இல்லை, அதை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, அம்பது வயசிலும் எப்படி வைத்திருந்தாள் பாரு உடம்பை, கொடி மாதிரி என்றார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதைச் சொல்லித்தான் ஒப்பாரியே வைத்தார்கள்.

எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்த உடம்புதான் இவரைக் கொன்றது, அதை இன்னுமா மெச்சுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் தொட்டாள். என்னோடு பள்ளியில் படித்தவள், பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா எளைச்சுட்ட. என்ன பண்ணுன?" என்று காதோடு கேட்டாள்.

பதினேழு நாளாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிரே அந்த அக்கா கிடக்க, கண்ணீர் இன்னும் காயாமல் இருக்க, அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.